மூன்று மழைக்காலம் பார்த்த பிளாஸ்டிக் பெட்டி

பெட்டி வந்து இறங்கிய அன்று நான் சிரித்துவிட்டேன். அட்டையைக் கிழித்து ஒற்றைக் கையால் தூக்கி எடுத்தான் எங்கள் தம்பி. கறுப்பு நிறம், நாலு மூலையில் நாலு திருகு. பார்த்தால் சாப்பாட்டு டப்பாவைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கியது போல இருந்தது. "அண்ணே, இதையா பெட்ரோல் டேங்க் பக்கத்துல மாட்டப் போறோம்?" என்று கேட்டான். எனக்கும் அதே கேள்விதான். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றதால் வாயைத் திறக்கவில்லை.

2006இல் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கேபிள் இழுக்க வந்தவன் நான். இப்போது சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் மின்சாரப் பராமரிப்பும் ஆய்வும் பார்க்கிறேன். அந்தக் கறுப்புப் பெட்டிகள் 24 மாட்டினோம். எல்லாமே கண்ணாடியிழை கலந்த பாலியஸ்டர், இன்கிரீஸ்டு சேஃப்டி (உள்ளே பொறியே வராமல் காக்கும்) வகை ஜங்ஷன் பாக்ஸ், அதாவது கேபிள்களை இணைக்கும் பெட்டி. மாட்டி மூன்று வருடம் ஆகிறது. வெடி ஆபத்துள்ள இடத்து மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரம் ஐஇசி 60079-17 விதிப்படி, தகுந்த நிபுணர் யோசனை இல்லாமல் ஒரு ஆய்வுக்கும் அடுத்த ஆய்வுக்கும் நடுவே மூன்று வருடத்துக்கு மேல் விடக்கூடாது. அந்த முறை வந்தது, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். பார்த்ததைத்தான் எழுதுகிறேன். தயாரித்தவர் பெயரையும் விற்றவர் பெயரையும் எழுதவில்லை. விற்றவரோடு எனக்கு ஒரு தகராறு உண்டு, அது பிறகு வரும். இந்த வகைப் பெட்டி வாங்குகிறவருக்குப் பெயரை விட உள்ளே எதைப் பார்ப்பது என்பதுதான் உதவும்.

முதலில் இடம். எங்கள் டேங்குகளில் பாதி பெட்ரோல், நாப்தா. மீதி டீசல். பெட்ரோல் ஆவி காற்றோடு ஏறக்குறைய 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால் பற்றிக்கொள்ளும். மைனஸ் 40 டிகிரி குளிரிலேயே பற்றக்கூடிய அளவுக்கு ஆவி விடும் சரக்கு அது. இங்கே மதியம் 33 டிகிரி, கேட்கவே வேண்டாம். அதனால் டேங்கைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத கோடுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். டேங்குக்குள்ளே ஆவி எப்போதும் நிற்கும் இடம் ஸோன் 0. மூச்சு விடும் வென்ட் குழாயின் வாயைச் சுற்றி 1.5 மீட்டர் ஸோன் 1, அதாவது வேலை சாதாரணமாக நடக்கும்போதே அவ்வப்போது ஆவி வரக்கூடிய இடம். டேங்க் சுவரிலிருந்து 3 மீட்டர் வரை ஸோன் 2, அங்கே வந்தால் அபூர்வம், வந்தாலும் சற்று நேரம்தான். இவை அமெரிக்கர்களின் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 30 சொல்லும் தூரங்கள். மிதக்கும் கூரை டேங்க் என்றால் கூரைக்கு மேலே, சுவருக்குள்ளே இருக்கிற வெளி முழுக்க ஸோன் 1. எங்கள் பெட்டிகள் பெரும்பாலும் பண்ட் சுவருக்குள்ளே (எண்ணெய் கசிந்தால் வெளியே ஓடாமல் டேங்கைச் சுற்றிக் கட்டிய சுவர்), டேங்க் காலடியில், மோட்டார் வால்வுக்குப் பக்கத்தில் நிற்கின்றன. வரைபடத்தில் அது ஸோன் 2. ஆனாலும் ஸோன் 1க்குத் தகுதியான பெட்டிதான் வாங்குவோம். பிறகு யாராவது ஒரு வால்வை இடம் மாற்றினால் பெட்டியையும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

இதற்கு முன் அங்கே இருந்தவை வார்ப்பு அலுமினியத்தில் செய்த ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டிகள். நான் அவற்றின் ரசிகன். தட்டினால் கோயில் மணி மாதிரி சத்தம், மூடியைத் தூக்க இரண்டு பேர், மூடியைச் சுற்றி 16 போல்ட். பார்த்தவுடன் நம்பிக்கை வரும். வேலைக்கு வந்த புதிதில் அந்தப் பெட்டிக்குள் கேஸ் போகவே போகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு. கேஸ் போகும். பகலில் சூடாகிக் காற்றை வெளியே விடும், இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், கூடவே ஆவியும் வரும். உள்ளே ஒரு தீப்பொறி விழுந்தால் வெடிக்கவும் செய்யும். வெடித்தால் சுவர் தாங்க வேண்டும், வெளியேறுகிற நெருப்பு வெளியே இருக்கிற ஆவியைப் பற்றவைக்கக் கூடாது. அந்தப் பெட்டியின் வேலை அவ்வளவுதான்.

இட்லிக் குண்டான் மூடி ஓரத்தில் ஆவி எப்படிக் கசிகிறதோ, அதேபோல வெடித்த வாயுவும் மூடிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கிற மெல்லிய இடுக்கு வழியாகத்தான் வெளியே வரும். இடுக்கு போதிய அளவு குறுகலாக, போதிய அளவு நீளமாக இருந்தால், இரண்டு பக்கத்து உலோகமும் சூட்டைக் குடித்துவிடும். வெளியே வரும்போது அது பற்றவைக்கும் தெம்பை இழந்திருக்கும். கேஸ்களை 2ஏ, 2பி, 2சி என்று பிரிப்பதும் இந்த இடுக்கை வைத்துத்தான். பரிசோதனைக் கூடத்தில் நெருப்பு தாண்ட முடியாத இடுக்கு, பெட்ரோல் அடங்கும் 2ஏ தொகுதிக்கு 0.9 மில்லிமீட்டருக்கு மேல். எத்திலீன் இருக்கிற 2பி தொகுதிக்கு அரை மில்லிமீட்டரிலிருந்து 0.9 வரை. ஹைட்ரஜன், அசிட்டிலீன் இருக்கும் 2சிக்கு அரைக்கும் கீழே. பெட்டி செய்கிறவர்கள் அதைவிட இன்னும் நெருக்கமாகக் கடைந்து வைப்பார்கள்.

ஆக, அந்தப் பெட்டியின் உயிர் சுவரின் தடிமனில் இல்லை, மூடி ஓரத்தில் பளபளவென்று கடைந்த அந்த ஒரு விரல் அகலப் பட்டையில் இருக்கிறது. மழை, வெயில், உப்புக்காற்று எல்லாம் வந்து உட்காருவதும் அங்கேதான்.

பழைய பெட்டிகளைக் கழற்றியபோது பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்றில் 16 போல்ட்டில் 14 தான் இருந்தன. இன்னொன்றில் எண்ணிக்கை சரி, ஆனால் மூன்று போல்ட் வேறு தரம். யாரோ கடையில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். அந்த போல்ட் சும்மா மூடியைப் பிடிக்கிற போல்ட் இல்லை, உள்ளே வெடிக்கும்போது மூடி எழும்பாமல் பிடிக்கிற போல்ட். சான்றிதழில் என்ன தரம் எழுதியிருக்கிறதோ அதுதான் போட வேண்டும். அலுமினிய உடலில் ஸ்டெயின்லெஸ் போல்ட், மேலே கடல் உப்பு. இரண்டு உலோகமும் சேர்ந்து வெள்ளைப் பொடி கக்கி, போல்ட் இறுகிப்போய், ஸ்பேனர் போட்டால் தலை மட்டும் கையோடு வந்தது. ஒரு மூடியைத் திறக்க எனக்கும் ஒரு பங்களாதேஷ் தம்பிக்கும் முக்கால் நாள் ஆனது. ஹாட் வொர்க் பெர்மிட் (பொறி பறக்கும் வேலைக்கான அனுமதி) இல்லாமல் அங்கே கிரைண்டர் வைக்க முடியாது, பெர்மிட்டுக்குக் கேஸ் டெஸ்ட், கேஸ் டெஸ்ட்டுக்கு ஆள் வர வேண்டும், ஆள் வந்தபோது மழை.

எல்லாவற்றிலும் மோசம் எது என்றால் ஒரு பெட்டியின் மூடி ஓரம் முழுக்கச் சிலிகோன் பசை. குளியலறைத் தொட்டிக்கு அடிப்பார்களே, அதே வெள்ளைப் பசை. அடித்தவன் கெட்ட எண்ணத்தில் அடிக்கவில்லை. தண்ணீர் உள்ளே போகிறது, அடைத்துவிடலாம் என்று நினைத்திருப்பான். நல்ல வீட்டுக்காரன். ஆனால் காய்ந்து இறுகும் பசையை அந்தப் பட்டையில் தடவவே கூடாது. இறுகாத, துருவேற்றாத கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம், அவ்வளவுதான். பசையின் தடிமன் மூடியைத் தூக்கிவிட்டது, இடுக்கு அளவு போச்சு. அதோடு நிற்கவில்லை. வினையூக்கி வகை கேஸ் டிடெக்டரின் சென்சாருக்குள் இருக்கும் சின்ன உருண்டை மணிக்குச் சிலிகோன் ஆவி விஷம். மணி செத்துவிட்டால் கேஸ் இருந்தாலும் டிடெக்டர் பூஜ்யம் காட்டும். ஒரு டியூப் பசையில் பெட்டியும் போய், பெட்டிக்கு மேலே காவலுக்கு நின்ற டிடெக்டரும் போக இருந்தது.

இன்னொரு பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. 16 போல்ட்டும் சரி, பட்டையும் சுத்தம். ஆனால் யாரோ பிற்பாடு படிக்கட்டுக் கைப்பிடிக்கு ஓர் ஆங்கிள் இரும்பை மூடி இடுக்குக்கு நேர் எதிரே, இரண்டு விரல் கூட இடமில்லாமல் பற்றவைத்திருந்தார்கள். இடுக்கிலிருந்து வெளியேறும் சூடான வாயு போய் மோத எதிரே திடப்பொருள் இருக்கக்கூடாது. 2ஏவுக்கு 10 மில்லிமீட்டர், 2பிக்கு 30, 2சிக்கு 40 என்று ஐஇசி 60079-14 இல் அட்டவணையே இருக்கிறது. எங்கள் கிடங்கில் எந்தப் பெட்டியையும் எங்கேயும் மாற்றிக்கொள்ள வசதியாக எல்லாவற்றையும் 2பி கணக்கில் பார்ப்போம். அளந்தேன், 22. பற்றவைத்தவருக்கு இது எப்படித் தெரியும்? அவர் கைப்பிடி வேலைக்கு வந்தவர்.

இதெல்லாம் கண்ணால் பார்த்த பிறகுதான் கறுப்பு டப்பா மீது எனக்கு மரியாதை வர ஆரம்பித்தது.

அதன் யோசனையே வேறு. வெடிப்பைத் தாங்கப் பார்ப்பதில்லை. உள்ளே பொறி வரவே விடாதே, எதையும் சூடாக விடாதே, தண்ணீரும் தூசியும் போக விடாதே, இவ்வளவுதான். அதனால் உள்ளே சுவிட்ச், ரிலே, ஃபியூஸ் எதற்கும் இடமில்லை. வயரை வயரோடு சேர்க்கும் டெர்மினல் மட்டும், அதுவும் தனியாகச் சான்றிதழ் பெற்ற, அதிர்ந்தாலும் தளராத டெர்மினல். எத்தனை வயர், என்ன தடிமன், எவ்வளவு ஆம்பியர் என்று சான்றிதழோடு ஓர் அட்டவணை வரும். அதைத் தாண்டி நெருக்கினால் சூடாகும், சூடானால் டி6 என்று அட்டையில் எழுதியிருக்கும் வெப்ப வகுப்புக்கு அர்த்தமில்லை. டி6 என்றால் எந்தப் பரப்பும் 85 டிகிரியைத் தாண்டாது. பெட்ரோலுக்கு 200 டிகிரி வரை அனுமதிக்கிற டி3யே போதும் என்பதால் இதில் எங்களுக்குத் தாராளம்தான்.

விதிப்படி இந்த வகைக்குக் குறைந்தது ஐபி54 காப்பு வேண்டும் (தூசியும் தண்ணீரும் எவ்வளவு தடுக்கப்படும் என்பதைச் சொல்லும் எண் அது). நாங்கள் வாங்கியது ஐபி66, அதாவது குழாயிலிருந்து வேகமாகத் தண்ணீரை நேரே பீய்ச்சினாலும் உள்ளே போகாது. காகிதத்தில் எல்லோரும் ஐபி66 எழுதுவார்கள். அதனால் நான் ஆவலாகக் காத்திருந்தது திறக்கும் நாளுக்காகத்தான்.

24 பெட்டியையும் திறந்தேன். 23 உள்ளே காய்ந்து கிடந்தன. மூடியின் உட்பக்கம் ஓடுகிற ரப்பர் வளையம் ஒரே துண்டு, ஒட்டுப்போட்ட இடம் இல்லை. அமுங்கிய தடம் மட்டும் இருந்தது, விரலால் அழுத்தினால் எழும்பியது. மூன்று வடகிழக்குப் பருவமழை, தினம் பண்ட் தரையிலிருந்து தெறிக்கும் தண்ணீர், கடலிலிருந்து உப்பு. திருகுகள் ஸ்டெயின்லெஸ், மூடியிலேயே தொங்கும் வகை, கழற்றினாலும் கீழே விழாது. எண்ணிப் பார்க்க நாலுதான். ஒரு பெட்டியைத் திறந்து, டெர்மினல் இறுக்கம் பார்த்து, மூட 20 நிமிடம். பழைய பெட்டியில் அந்த நேரத்தில் ஆறாவது போல்ட்டில் நின்றுகொண்டிருப்போம்.

தண்ணீர் இருந்த அந்த ஒன்றும் பெட்டியின் குற்றம் இல்லை. பயன்படாத ஒரு துளையில் யாரோ சாதாரண பிளாஸ்டிக் அடைப்பானைச் சொருகியிருந்தார்கள், போக்குவரத்துக்காக வருகிற சிவப்பு மூடி. சான்றிதழ் பெற்ற அடைப்பான் போட வேண்டிய இடம் அது. யாரோ என்று எழுதிவிட்டேன். பதிவேட்டைத் திறந்தால் கையெழுத்து என்னுடையது.

இனி குறைகள். முதல் குறைதான் அந்தத் தகராறு. பிளாஸ்டிக் பெட்டி எர்த் ஆகிற அளவுக்கு மின்சாரம் கடத்தாது. உலோகப் பெட்டியில் பித்தளை கிளாண்டை (கேபிள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் உறை) முடுக்கினாலே கேபிள் ஆர்மருக்கு, அதாவது கேபிளைச் சுற்றியிருக்கும் உலோகக் கவசத்துக்கு, எர்த் கிடைத்துவிடும். பிளாஸ்டிக்கில் உள்ளே வருகிற கேபிளின் ஆர்மரும் வெளியே போகிற கேபிளின் ஆர்மரும் ஒன்றை ஒன்று பார்க்காமல் தனித்தனியாக நிற்கும். அதற்காக உள்ளே ஒரு பித்தளைத் தகடு உண்டு, கிளாண்டுகள் எல்லாம் அதன் வழியாகப் போய் எர்த் முனைக்குச் சேரும். எங்களுக்கு வந்த முதல் 12 பெட்டியில் அந்தத் தகடு இல்லை. மின்சாரம் கொடுப்பதற்கு முன் செய்யும் விரிவான ஆய்வில் மீட்டர் வைத்தபோதுதான் தெரிந்தது. விற்றவரைக் கூப்பிட்டால், "அது ஆப்ஷன், நீங்கள் கேட்கவில்லையே" என்றார். அரிசி வாங்கினால் சாக்கு ஆப்ஷனா? சரி, நாமே தகடு வெட்டித் துளை போட்டுக்கொள்ளலாமே என்றார் எங்கள் ஆள் ஒருவர். முடியாது. பெட்டிக்கு நம் இஷ்டத்துக்கு ஒரு துளை கூடப் போட்டால் சான்றிதழ் செல்லாது, அந்த நிமிடத்திலிருந்து அது வெறும் டப்பா. தகடு போட்ட பெட்டி வர மூன்று வாரம் ஆனது. அதுவரை வால்வைக் கையால் சுற்றினார்கள், சுற்றியவர்கள் என்னைத் திட்டினார்கள்.

இரண்டாவது, தகவல் அட்டை. பெட்டியின் பிறப்புச் சான்றிதழே அந்த அட்டைதான். அறுகோணத்துக்குள் எக்ஸ் (Ex) முத்திரை, எந்த வகைப் பாதுகாப்பு, எந்தத் தொகுதி, எந்த வெப்ப வகுப்பு, எந்தச் சுற்றுச்சூழல் வெப்பம், சான்றிதழ் எண் எல்லாம் அதில்தான். (ஒரு சின்ன எரிச்சல்: ஃப்ளேம்ப்ரூஃபுக்கும் டி, வெப்ப வகுப்புக்கும் டி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. தம்பிமாருக்குப் பாடம் எடுக்கும்போது ஒரு டியை விரலால் அழுத்தியும் ஒரு டியை அழுத்தாமலும் சொல்லிப் பார்க்கிறேன், நடக்கவில்லை.) இந்தப் பெட்டியில் அது ஒட்டுக்காகிதம். தெற்குப் பார்த்து வெயிலில் நின்ற ஐந்து பெட்டிகளில் எழுத்து மங்கிவிட்டது. எழுத்து படிக்க முடியாத பெட்டியை ஆய்வில் தேறியது என்று நான் கையெழுத்துப் போட முடியாது. பெட்டி நல்ல பெட்டி, ஆனால் யாருடைய பிள்ளை என்று சொல்ல ஆளில்லை. பொறித்த ஸ்டெயின்லெஸ் தகடு கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, ஆழம் போதாது. 16 சதுர மில்லிமீட்டர் நாலு கோர் ஆர்மர் கேபிளை உள்ளே வளைக்க நம் கட்டைவிரல் நோகும். ஒரு அளவு பெரியது வாங்கியிருக்க வேண்டும். இதில் தப்பு கொள்முதல் பிரிவுடையதா என்னுடையதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வெப்பத்தையும் சொல்ல வேண்டும். அட்டையில் வெப்ப அளவு எதுவும் எழுதவில்லை என்றால் அந்தப் பெட்டி மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைக்கும்தான். சிங்கப்பூரில் பதிவான உச்சம் 37, 1983இலும் 2023 மே மாதம் அங் மோ கியோவிலும். தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், அது நிழலில் எடுத்த அளவு. வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டி வேறு கணக்கு. எங்களுடையதில் 55 வரை எழுதியிருக்கிறது. அப்படியும் மேலே ஒரு தகரக் கூரை போட்டோம். கறுப்பாகச் செய்வதற்கும் காரணம் உண்டு. நிலைமின்சாரம் சேராமல் இருக்க உள்ளே கரி கலந்திருக்கிறார்கள். அப்படியும் அட்டையில் ஈரத் துணியால் மட்டும் துடைக்கவும் என்று இருக்கிறது. இங்கே காற்றிலேயே தண்ணீர் நிற்கிறது, நிலைமின்சாரம் எங்கே வரும் என்று தம்பி கேட்டான். கேட்பது நியாயம்தான். ஆனாலும் ஈரத் துணிதான்.

யாருக்கு இந்தப் பெட்டி ஆகாது என்பதையும் எழுதிவிடுகிறேன். போன வருடம் ஒரு புதுப் பொறியாளர் வந்தார், நல்ல பிள்ளை, படிப்பும் நிறைய. வால்வுக்கு ஒரு டைமர் ரிலே தேவைப்பட்டது. "உள்ளேதான் இடம் இருக்கிறதே அங்கிள், ஒரு ரிலேதானே" என்றார். ரிலே என்றால் காண்டாக்ட், அதாவது தொட்டு விலகும் முனை; காண்டாக்ட் என்றால் பொறி. பொறி வராது என்ற ஒரே சத்தியத்தில் நிற்கிற பெட்டிக்குள் பொறியைக் குடிவைப்பதா? அதற்குக் காண்டாக்ட் இருக்கும் அறை மட்டும் ஃப்ளேம்ப்ரூஃபாகவும் வயர் கட்டும் அறை இன்கிரீஸ்டு சேஃப்டியாகவும் இருக்கும் கலப்பு வகை உண்டு, அதை வாங்க வேண்டும். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கேண்டீனில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து, எழுதிக் காட்டச் சொன்னார். அதேபோல டேங்கின் மட்டம் காட்டும் லெவல் கேஜுக்குப் போகும் நீல நிற இன்ட்ரின்சிக் வயரையும் (பற்றவைக்க முடியாத அளவுக்குக் குறைந்த மின்சாரம் ஓடுவது) இதே பெட்டியில் திணிக்கப் பார்ப்பார்கள். இரண்டு வகை டெர்மினலுக்கும் நடுவே 50 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்காவிட்டால் தனிப் பெட்டி வையுங்கள். நாங்கள் தனியாகவே வைத்துவிட்டோம்.

பண்ட் சுவருக்குள் நிற்பது ஸோன் 2 தானே, இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டைச் சொல்வேன். 2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை. பெட்ரோல் டேங்கின் அளவு காட்டும் கருவி ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டது, டேங்க் நிரம்பி வழிந்தது, ஆவி மேகம் போலப் பரவி வெடித்தது. 20க்கும் மேற்பட்ட டேங்குகள் எரிந்தன. இவ்வளவுக்கும் மேலே, நிரம்பினால் நிறுத்தத் தனியாக ஓர் உயர்மட்ட சுவிட்ச் இருந்தது. அந்த சுவிட்ச்சைச் சோதிக்க ஒரு நெம்புகோல். சோதித்து முடித்ததும் அதைச் சரியான நிலையில் பிடித்து வைக்க ஒரு பூட்டுப் போட வேண்டும். பூட்டு போடப்படவில்லை. அது எதற்கு என்றே அங்கே இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கவில்லை. எங்கள் பழைய பெட்டியில் காணாமல் போன இரண்டு போல்ட்டும் என் சிவப்பு மூடியும் எனக்கு அந்தப் பூட்டைத்தான் ஞாபகப்படுத்துகின்றன.

தீவுக்காரர்களுக்கு வெளியூர்க் கதை கூட வேண்டாம். 1988 அக்டோபரில் புலாவ் மெர்லிமாவில் நாப்தா டேங்குகள் பற்றி ஐந்து நாள் எரிந்தன. ஏழு தீவுகளைச் சேர்த்து ஜூரோங் தீவு ஆக்கியபோது மெர்லிமாவும் அதற்குள் வந்துவிட்டது. அந்தப் பக்கம் லாரியில் போகும்போது பழைய ஆட்கள் கை நீட்டிக் காட்டுவார்கள்.

விலை? பழைய அலுமினியத்தை விடக் குறைவு, எங்களுக்கு வந்த கணக்கில் ஏறக்குறைய பாதி. ஆனால் எர்த் தகடு, பொறித்த அட்டை, ஒரு அளவு பெரிய உடல், சான்றிதழ் பெற்ற அடைப்பான்கள் எல்லாம் சேர்த்தால் அந்தப் பாதி முக்கால் ஆகிவிடும். வெள்ளியை (டாலரை) எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணட்டும். சான்றிதழ் எண்ணின் வாலில் எக்ஸ் (X) எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தனி நிபந்தனை ஏதோ உண்டு, உள்ளே படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். வாலில் யு (U) என்று இருந்தால் அது முழுப் பெட்டி இல்லை, வெறும் கூடு. அதை நேரே மாட்டவே முடியாது.

பெட்டிக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம். விற்றவருக்கு ஒன்றரை, அதில் அரை, தகடு கடைசியில் வந்து சேர்ந்ததற்காக.

அடுத்த ஆர்டர் 30 பெட்டி, போன மாதம் போனது. மூன்று வரி நானே கையால் எழுதிச் சேர்த்தேன்: எர்த் தகடு போட்டு வர வேண்டும், அட்டை ஸ்டெயின்லெஸ்ஸில் பொறித்திருக்க வேண்டும், ஆழம் ஒரு அளவு கூட. டீசல் பக்கம் இன்னும் ஏழு அலுமினியப் பெட்டிகள் நிற்கின்றன, அவற்றை மாற்ற இந்த வருடம் பணம் ஒதுக்கவில்லை. அவற்றுக்காகச் சரியான தரத்தில் பத்து போல்ட்டும் ஒரு டப்பா கிரீஸும் என் லாக்கரில் பூட்டி வைத்திருக்கிறேன். சாவி தம்பியிடம் ஒன்று இருக்கிறது.